காட்டில் சருகைக் கிளறிக்கொண்டிருந்த பல வண்ணக் குருவி எது? எப்படி அடையாளம் காண்பது?

மைனாவைவிடச் சற்றுச் சிறியது, பல நிறம், சருகுக்குள் தாவித் தாவிப் போனது என்கிறீர்கள். வால் எப்படி இருந்தது என்று சொல்லவில்லையே! தரையில் திரியும் பறவை என்றால் நான் முதலில் கேட்பது அதைத்தான். வாலை யாரோ நறுக்கிவிட்டார்களோ என்று தோன்றும் அளவுக்குக் கட்டையாக இருந்ததென்றால், நீங்கள் பார்த்தது அநேகமாக ஆறுமணிக்குருவி.

நிறத்தை மட்டும் நம்பினால் திண்டாட்டம்தான். முதுகில் பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், வயிற்றில் மங்கிய மஞ்சள், வாலடியில் கருஞ்சிவப்பு என்று படங்களில் எல்லாமே தெளிவாகத் தெரியும். மர நிழலில் அந்தப் பச்சை சருகோடு கலந்துவிடும். சிவப்போ, குருவி முன்னால் குனியும்போதுதான் கண்ணில் படும். நான் தேடுவது முகத்தை: கண்ணை ஒட்டி ஓடும் தடித்த கருப்புப் பட்டை, அதன் கீழே வெள்ளைத் தொண்டை. எவ்வளவு மங்கலான வெளிச்சத்திலும் இவை இரண்டும் தப்பாது.

அடுத்து, அதன் நடத்தை. இரண்டு தாவல், ஒரு நிறுத்தம். அலகால் ஒரு சருகைப் புரட்டித் தள்ளி, அடியில் இருக்கும் புழுவையோ பூச்சியையோ கொத்தும். நிற்கும்போது குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும். விரட்டினால் தொலைதூரம் போகாது. தாழ்ந்த கிளை ஒன்றில் ஏறி அசையாமல் உட்கார்ந்துவிடும். படம் எடுக்க அதுதான் சமயம்.

எந்த மாதம் பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தெற்கே வரும். இலங்கை வரை போகும். ஜூலையில் தமிழ்நாட்டில் பார்த்ததாகச் சொன்னால் நான் சந்தேகப்படுவேன்.

வால் நீளமாக இருந்திருந்தால்? தலையும் வயிறும் ஆரஞ்சு, முதுகு நீலச் சாம்பல், வெள்ளைக் கன்னத்தில் செங்குத்தாக இரண்டு கருங்கோடுகள் என்றால் செந்தலைப் பூங்குருவி. அதுவும் சருகைக் கிளறும். சிவந்த அலகும் பச்சை இறக்கையுமாக, தாவாமல் நடந்து போனது என்றால் நம் மாநிலப் பறவையான மரகதப்புறா. ஆனால் அது மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது.

ஆறுமணிக்குருவியைக் காட்டில்தான் காண வேண்டும் என்பதில்லை. இரவில் வலசை போகும் பறவை என்பதால், களைத்துப்போய் சென்னை வீடுகளுக்குள்ளும் வந்து விழுவதுண்டு. காக்கைகள் விடாமல் துரத்தும். அப்படி வந்தால் சோறோ ரொட்டியோ ஊட்ட முயலாமல், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டாக மூடிவையுங்கள். தெம்பு வந்ததும் மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.