ரிட்டன் லோடும் டீசல் புகையும்

கேள்வி: சங்ககிரியிலிருந்து தூத்துக்குடி போய் பாரம் இறக்கிவிட்டு 10 சக்கர லாரி காலியாகவே திரும்புகிறது. லாரிக்குச் சரக்கு தேடித் தரும் செயலியில் ரிட்டன் லோடு (திரும்பும் வழிக்கான சரக்கு) பிடித்தால் புகை குறையும் என்கிறார்களே, நிஜமாங்க?

பதில்: நிஜம்தானுங்க, ஆனால் உங்கள் டேங்கில் அது தெரியாது. திரும்பும் தூரத்தை 300 கி.மீ. என்று வையுங்கள். காலி வண்டி லிட்டருக்கு 5 கி.மீ. கொடுத்தால் 60 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு; ஆக, ஏறக்குறைய 160 கிலோ வீண். பாரம் ஏற்றினால் மைலேஜ் 4-க்கு இறங்கி 75 லிட்டர் குடிக்கும். மிச்சம் எங்கே என்றால், அந்தச் சரக்குக்காக இன்னொரு லாரி ஓட வேண்டியதில்லை.

இறக்கிய பிறகு செயலியைத் திறப்பதுதான் பலர் செய்யும் தப்பு. கிளம்பும்போதே இறக்கும் நேரம், பாடி நீளம், டன், தார்ப்பாய் உண்டா என்பதைப் பதிந்துவிடுங்கள். லோடு எடுக்க 80 கி.மீ. காலியாகச் சுற்ற வேண்டுமென்றால் லாபத்தில் ஒரு பங்கு போச்சு. காத்திருக்கையில் இன்ஜினை அணையுங்கள். சும்மா ஓடினாலே மணிக்கு 2 லிட்டர் வரை போகும்.

உப்பு ஏற்றி வந்தால் பாடியைக் கழுவிக் காயவிடாமல் பஞ்சுப் பேல் (பொதி) ஏற்றாதீர்கள். ஈரம் பட்ட பேலை மில்லில் திருப்பி அனுப்பினால், மிச்சம் பிடித்த டீசலும் சேர்ந்து போகும்.