கொலுசு கறுத்தால் கலப்படமா?

பதில்கள்: திருப்பாதிரிப்புலியூர் வெள்ளிப் பட்டறைக்காரர்

மகளுக்குப் பட்டறையில் சொல்லிச் செய்த கொலுசு மூன்றே மாதத்தில் கறுத்துவிட்டது. மாமியார் 'கலப்பட வெள்ளி' என்கிறார். உண்மையா?
வாசகி, நெல்லிக்குப்பம்

கறுத்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாதும்மா. சுத்த வெள்ளியும் கறுக்கும். காற்றிலும் வியர்வையிலும் இருக்கிற கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே கறுப்பாகப் படிகிறது. 92.5 வெள்ளியில் மீதி 7.5 பெரும்பாலும் செம்பு. அது இன்னும் சீக்கிரம் நிறம் மாறும். செம்பே சேர்க்காவிட்டால் கொலுசு ஓடியாடும் பிள்ளையின் காலில் நெளிந்துவிடும். நம் ஊரில் எல்லாரும் உப்புக்காற்றைத்தான் திட்டுகிறோம். நான் முதலில் கேட்பது, வீட்டு போர் தண்ணீரில் அழுகிய முட்டை வாடை வருகிறதா என்றுதான். அந்த வாடையும் கந்தகத்தால் வருவதுதான்.

பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வைத்து, சமையல் சோடா கலந்த சுடுதண்ணீர் ஊற்றுங்கள். கறுப்பு விடும், வெள்ளி தேயாது. கல் பதித்த நகைக்கு இது வேண்டாம்.

மாமியாருக்குச் சந்தேகம் தீரவில்லையென்றால் ஹால்மார்க் மையத்தில் தரம் பார்க்கலாம். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. 2025 செப்டம்பர் முதல் ஹால்மார்க் போடும் வெள்ளிக்கும் ஹெச்.யு.ஐ.டி. என்கிற, நகைக்கு நகை மாறும் ஆறு இலக்க அடையாள எண் உண்டு, அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பார்க்கலாம்.

மெஷின் கொலுசு மலிவு. கைவேலைக்கு ஏன் இவ்வளவு கூலி? சேதாரம் வேறு!
வாசகர், முத்தியால்பேட்டை

வெள்ளியை உருக்கிக் கம்பியாக அடித்து, கம்பியச்சில் பெரிய துளையில் தொடங்கிச் சின்னத் துளைவரை குறடால் இழுக்கிறோம். நாலைந்து துளை தாண்டினால் கம்பி முறுக்கேறி முரண்டு பிடிக்கும். மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, ஆற்றி, மறுபடி இழுக்க வேண்டும். அதன்பிறகுதான் வளையம் வெட்டுவது. ஒவ்வொரு வளையத்தின் வாயிலும் கல்லில் உரைத்த வெங்காரத்தைத் தொட்டுவைத்து, கடுகளவு பொடி, அதாவது வாயை ஒட்டவைக்கும் வெள்ளிப் பற்று, வைத்துத் தீயை அதன்மேல் ஊத வேண்டும். சூடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொடி ஓடும். ஒரு மூச்சு கூடினால் வளையமே உருகி உருண்டையாகிவிடும். கூலி அந்த மூச்சுக்குத்தான் சார்.

சேதாரத்தைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயம். அரம் போட்ட தூளையும் பட்டறைக் குப்பையையும் நாங்கள் விடுவதில்லை, சலித்து உருக்கிவிடுவோம். அதனால் பேரம் பேசுங்கள். கூடவே, பொடி என்ன தரம் என்றும் கேளுங்கள். அதில் செம்பும் துத்தநாகமும் இருக்கும். பற்று அதிகமுள்ள சங்கிலியை உருக்கும்போது தரம் இறங்குவது அதனால்தான். கொடுக்கும்போதே இதைச் சொல்கிற ஆசாரியிடம் செய்யுங்கள்.

அறுந்த வளையத்தை ரேடியோ கடை ஈயத்தால் பற்றவைக்கலாமா?
வாசகர், பண்ருட்டி

கூடவே கூடாது தம்பி. பிறகு நாங்கள் சூடு காட்டினால் அந்த ஈயம் வெள்ளியை அரித்துக் குழி போட்டுவிடும். ஏற்கெனவே வைத்துவிட்டீர்களா? பட்டறையில் கொடுக்கும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் நெருப்பில் வைக்க வேண்டும்.