பேப்பரில் சம்மன்: ஆள் கிடைக்காத வழக்குகள் பற்றிக் கேள்வி பதில்

சிவில் வழக்கில் பிரதிவாதியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன். நான் சிவில் பக்கம் மட்டும்தான். கிரிமினல் கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி (சேலம்): புரோநோட்டுக் கடன். வாங்கியவர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டார். அமீனா இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். நேராகப் பேப்பரில் போட்டுவிடலாமா?

பதில்: போடலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீதிபதி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 5, விதி 20 என்று ஒன்று இருக்கிறது. சம்மனைத் தவிர்ப்பதற்காகவே ஆள் ஒளிந்து திரிகிறார், அல்லது வேறு காரணத்தால் வழக்கமான முறையில் சம்மனைச் சார்பு செய்ய (ஆளிடம் முறையாகக் கொண்டுசேர்க்க) முடியவில்லை என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி வர வேண்டும். அந்தத் திருப்தி சும்மா வராது. மனுவும் பிரமாண வாக்குமூலமும் போட வேண்டும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "முகவரியில் ஆள் இல்லை" என்று அமீனா ஒற்றை வரி எழுதினால் அது பலமான அறிக்கை இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனார், பக்கத்து வீட்டில் யாரை விசாரித்தார், கதவில் நகல் ஒட்டினாரா, யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்துப் பேப்பரில் போட்டு வாங்கிய ஒரு தீர்ப்பை, நீர்ஜா ரியல்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் நிற்கவிடவில்லை. அதனால் உங்கள் வாக்குமூலத்தில் நீங்கள் தேடிய கதையை எழுதுங்கள். அவர் வேலை பார்த்த இடம், சொந்த ஊர், மாமனார் வீடு, பழைய போன் நம்பர், வீட்டுச் சொந்தக்காரர் சொன்னது என எதையும் விடாதீர்கள்.

அனுமதி கிடைத்தால் அறிவிப்பு இப்படித்தான் வரும்: "உயர்திரு மாவட்ட முன்சீப் அவர்கள் சமூகம்" என்று தொடங்கும். அசல் வழக்கு எண், வாதி பெயர், பிரதிவாதி பெயர், அவருடைய கடைசி முகவரி. அப்புறம், "காலை 10.30 மணிக்கு நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ ஆஜராகத் தவறினால் தங்களைத் தோன்றாத் தரப்பினராக்கி ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கப்படும்." தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து, வழக்கு ஆண்டில் ஓர் இலக்கம் தப்பினாலும் பிறகு தலைவலி. அச்சுக்குப் போகும் முன் நீங்களே படியுங்கள்.

வெளிவந்த அன்று முழுப் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். கத்தரித்த துண்டு வேண்டாம். தேதியும் பதிப்பின் பெயரும் தெரிய வேண்டும்.

கேள்வி (ஈரோடு): பதிவுத் தபால் "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்துவிட்டது. பேப்பர் விளம்பரம் தேவையா?

பதில்: தேவையில்லை. நீதிமன்றம் அனுப்பிய தபாலை வாங்க மறுத்தாலே சார்பு ஆனதாக அறிவிக்கக் கட்டளை 5, விதி 9-இல் வழி இருக்கிறது. காசை மிச்சம் பிடியுங்கள். "வீடு பூட்டியிருக்கிறது", "முகவரி மாறிவிட்டார்" என்று வந்தால் கதை வேறு.

கேள்வி (திருநெல்வேலி): எந்தப் பேப்பரில் போட வேண்டும்? சர்க்குலேஷன் குறைந்த பேப்பரில் கட்டணம் குறைவு என்கிறார்களே?

பதில்: பிரதிவாதி கடைசியாகக் குடியிருந்த, தொழில் செய்த அல்லது வேலை பார்த்த பகுதியில் விற்பனையாகும் நாளிதழாக இருக்க வேண்டும். விதி 20-இன் உட்பிரிவு 1ஏ இதைத்தான் சொல்கிறது. 1976 திருத்தத்தில் சேர்த்தது. தமிழ் மட்டும் படிக்கும் ஆளுக்கு யாரும் வாங்காத ஆங்கிலப் பேப்பரில் போடுவது தந்திரம் என்று நினைக்காதீர்கள். ஆட்சேபணை எழுப்ப எதிர்த்தரப்புக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

கேள்வி (மதுரை): கணவர் விட்டுப் போய் மூன்று வருடம். கடைசியாக ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தார். விவாகரத்து மனுவுக்கு மதுரைப் பதிப்பில் விளம்பரம் போட்டால் போதுமா?

பதில்: போதாது அம்மா. ஓசூருக்குப் போகும் பதிப்பில் வர வேண்டும். அவருடைய பெற்றோர் வீட்டு முகவரி தெரிந்தால் அதையும் மனுவில் கொடுத்து அங்கேயும் சம்மன் அனுப்பச் சொல்லுங்கள். "தெரியாது" என்று எழுதிவிட்டுப் பிறகு தெரிந்திருந்தது என்று வெளியே வந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

இந்து திருமணச் சட்டத்தில் கைவிட்டுச் சென்றதற்கு இரண்டு வருடம் போதும். உயிரோடு இருக்கிறாரா என்றே தகவல் இல்லாதவர்களுக்கான ஏழு வருடக் கணக்கு தனி. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்தால், வந்த கையோடு மறுமணப் பேச்சை எடுக்காதீர்கள். உங்கள் வக்கீலிடம் காலக்கெடுவைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி (கோவை): எந்தப் பேப்பரில் போடலாம், எவ்வளவு ஆகும்?

பதில்: திருநெல்வேலிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கட்டணம் அந்தந்தப் பேப்பரின் விளம்பரப் பிரிவில் தெரியும்.

கேள்வி (திருப்பூர்): நான் வியாபாரி. பாக்கிக்காரர்கள் மேல் வழக்குப் போடும்போதே பேப்பருக்கு ஏற்பாடு செய்துவிடுவேன். அவன் பார்க்க மாட்டான், எக்ஸ்-பார்ட்டி (ஒருதலைப்பட்சம்), டிகிரி (தீர்ப்பாணை). நீங்கள் எதற்கு இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? பேப்பரில் போட்டாலே நேரில் கொடுத்த மாதிரி என்று விதியே சொல்கிறதே!

பதில்: சொல்கிறது. விதி 20-இன் இரண்டாம் உட்பிரிவு. ஆனால் அதோடு காலவரையறைச் சட்ட அட்டவணையின் உறுப்பு 123-ஐயும் படியுங்கள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள். சம்மன் முறையாகச் சார்பு ஆகியிருந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து, ஆகாவிட்டால் தீர்ப்பு பற்றித் தெரிந்த தேதியிலிருந்து. அதன் விளக்கத்திலேயே, விதி 20-இன்படி செய்தது இந்தக் கணக்குக்கு முறையான சார்பு ஆகாது என்று இருக்கிறது. நான்கு வருடம் கழித்து ஜப்தி செய்யப் போகும்போது, "இன்றுதான் தெரியும்" என்று மனுவோடு வந்து நிற்பார். உங்கள் தீர்ப்பு தாழ்ப்பாள் இல்லாத கதவு.

திருப்பூர் மறுபடியும்: உச்ச நீதிமன்றமே 2008-இல் யூனியன் பாங்க் வழக்கில், உள்ளூர்ப் பேப்பரில் வந்த பிறகு "நான் அந்தப் பேப்பர் படிப்பதில்லை" என்று சொல்லக் கூடாது என்றுவிட்டதே?

பதில்: நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிரதிவாதிகள் யார்? அதே கடன் வழக்கு சிவில் கோர்ட்டில் இருந்தபோதே ஆஜரானவர்கள். வழக்கு கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு மாறிய பிறகுதான் பேப்பர் அறிவிப்பு. வழக்கு நடப்பதே தெரியாதவருக்கும் அவர்களுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

வேறொருவர் (சென்னை): திருப்பூர் சார் சொல்வதிலும் நியாயம் உண்டு. விசாரணைத் தேதி தெரிந்து, ஆஜராக நேரமும் இருந்தால், சார்பில் சின்னக் குறை என்பதற்காக மட்டும் தீர்ப்பை நீக்கக் கூடாது என்று கட்டளை 9, விதி 13-இலேயே இருக்கிறதே.

பதில்: இருக்கிறது. தெரிந்திருந்தது என்பதை யார் காட்டுவது? வாதிதான் ஆதாரம் தேட வேண்டும். பேசிய வாட்ஸ்அப், அனுப்பிய வக்கீல் நோட்டீஸ், ஊர்ப் பெரியவர் சாட்சி என்று ஏதாவது. அதையெல்லாம் தேடும் உழைப்பில் பாதியை ஆரம்பத்திலேயே முகவரி தேடுவதில் போட்டிருக்கலாம். இன்னொன்றும் சொல்கிறேன். முகவரி தெரிந்தே மறைத்து வாங்கினால் இது வெறும் குறை இல்லை, மோசடி. மோசடியில் வாங்கிய தீர்ப்பு செல்லாது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நம்ம ஊரிலிருந்து போன பாகப்பிரிவினை வழக்கில்தான். கட்டிக்கொடுத்த அக்கா தங்கைக்குப் பழைய வீட்டு முகவரியைப் போட்டுப் பேப்பரில் முடித்துவிடும் அண்ணன் தம்பிகள் இதைக் கவனிக்கவும்.

கேள்வி (நாமக்கல்): என் பெயரே பேப்பரில் வந்திருக்கிறது. சித்தப்பா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் நேற்று அனுப்பினார். ஆஜராக வேண்டிய தேதி போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

பதில்: தம்பி, இன்றைக்கே அந்த வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். தோன்றாத் தரப்பினர் என்று மட்டும் ஆக்கியிருந்தால் கட்டளை 9, விதி 7-இல் மனு. தீர்ப்பே வந்திருந்தால் அதே கட்டளையின் விதி 13. போட்டோ வந்த தேதி உங்கள் போனில் பதிவாகியிருக்கிறது, அதை அழிக்காதீர்கள். உங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதற்கு அதுவே சாட்சி. உங்களுக்கு எதிராகவும் அதுவே சாட்சி, ஆகையால் நாள் கடத்தாதீர்கள்.

கேள்வி (விழுப்புரம்): பிரதிவாதி இறந்துவிட்டார் என்று கேள்விப்படுகிறோம். பேப்பரில் போட்டுவிடலாமா?

பதில்: இறந்தவருக்கு எந்தப் பேப்பரும் போய்ச் சேராது. இறப்புச் சான்றிதழைத் தேடுங்கள். வழக்கு நடக்கும்போது இறந்திருந்தால் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள்தான்.

கேள்வி (திருச்சி): பிரதிவாதி ஜெர்மனியில் இருக்கிறார். முகவரி தெரியும்.

பதில்: முகவரி தெரிந்தால் பேப்பர் எதற்கு? இந்தியாவும் ஜெர்மனியும் வெளிநாட்டுக்குச் சம்மன் அனுப்புவதற்கான ஹேக் சார்பு உடன்படிக்கையில் இருக்கின்றன. நீதிமன்றம் வழியாக மத்திய சட்ட அமைச்சகம் மூலம் போக வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும்.

கேள்வி (கரூர்): செக் பவுன்ஸ். நோட்டீஸைப் பேப்பரில் விடலாமா?

பதில்: விடாதீர்கள். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் சரியான முகவரிக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட். மிச்சத்தைக் கிரிமினல் வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் நீதிமன்றத்திலும் இதே விதியா?

பதில்: உங்கள் சட்டம் வேறு. அங்குள்ள சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கேள்வி (கடலூர்): நிலம் வாங்கும் முன் வக்கீல் பெயரில் "ஆட்சேபணை இருந்தால் ஏழு நாளுக்குள்" என்று விளம்பரம் போட்டோம். யாரும் வரவில்லை. இனி யாரும் வழக்குப் போட முடியாதுதானே?

பதில்: போடலாம். அது வக்கீல் கொடுத்த பொது அறிவிப்பு, நீதிமன்ற அறிவிப்பு இல்லை. வில்லங்கச் சான்றிதழையும் மூலப் பத்திரத்தையும் பாருங்கள்.

கேள்வி (தர்மபுரி): எந்தப் பேப்பர் நல்லது சார்?

பதில்: மேலே.