குவாரி வெடியும் கிணற்று ஆழமும்

அன்புள்ள ஐயா,

பர்கூர் பக்கத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். உடலின் செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறில் பாஸ்பேட் பிணைப்பு உடைந்து ஆற்றல் வருகிறது என்கிறார் உயிரியல் ஆசிரியர். பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும் என்கிறார் வேதியியல் ஆசிரியர். எங்கள் ஊர்க் கல் குவாரியில் வெடி வைத்தால் வீட்டு ஜன்னல் அதிரும். அதுவும் பிணைப்பு உடைவதால்தானே? எது சரி?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வேதியியல் ஆசிரியர் சொன்னதுதான் சரி. எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம் பக்கத்துக் கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தை விட்டால் கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு தானாக ஓடும். மேலே இழுக்கும்போதுதான் தோள் வலிக்கும். அணுக்கள் சேர்வது குடம் இறங்குவது மாதிரி, ஆற்றல் வெளியே வரும். பிரிப்பது இழுப்பது மாதிரி. பிணைப்பு ஆற்றல் என்பது அந்தக் கிணற்றின் ஆழம்.

ஹைட்ரஜன் எரிவதைப் பாருங்கள். இரண்டு மோல் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் ஓர் அளவு) ஹைட்ரஜனைப் பிரிக்க 872 கிலோ ஜூல், ஒரு மோல் ஆக்சிஜனைப் பிரிக்க 498. மொத்தச் செலவு 1370. நீரில் உண்டாகும் நான்கு ஓ-ஹெச் பிணைப்புகளுக்குத் தலா 463 வீதம் 1852 திரும்பி வருகிறது. மிச்சமான 482 தான் வெப்பம்.

இப்போது குவாரிக்கு வருவோம். அங்கே பெரும்பாலும் அமோனியம் நைட்ரேட் கலந்த வெடிமருந்துதான். டெட்டனேட்டர் முதல் உதையைக் கொடுக்கிறது. அப்புறம் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து முப்பிணைப்பில் விழுகின்றன. அதன் ஆழம் 945 கிலோ ஜூல்! கூடவே நீராவியும் உண்டாகிறது. இப்படிச் சூடேறி விரியும் வாயுக்கள்தான் பாறையைப் பிளக்கின்றன. உங்கள் ஜன்னலை அதிர வைப்பது பிணைப்பு உடைவதல்ல, உருவாவது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் உரம் செய்ய 400 டிகிரிக்கு மேல் சூடும், பெரும் அழுத்தமும், வினையூக்கியும் தேவைப்படுவது இதே ஆழத்தால்தான். தக்காளி வயலுக்கு உரம் வாங்கும் நம் ஊர்க்காரர்கள் அந்தக் கிணற்றிலிருந்து இழுத்த கூலியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

சரி, ஏடிபி. 1941-இல் உயிர்வேதியியலாளர் ஃபிரிட்ஸ் லிப்மன் ‘ஆற்றல் மிகுந்த பாஸ்பேட் பிணைப்பு’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் இன்றுவரை பிள்ளைகளைக் குழப்புகிறது. அங்கே உடைவதோடு கதை முடிவதில்லை. நீர் வந்து சேர்கிறது, புதுப் பிணைப்புகள் உண்டாகின்றன, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த எதிர்மின் சுமைகள் விலகுகின்றன. எல்லாம் சேர்ந்து மோலுக்குச் சுமார் 30 கிலோ ஜூல் கிடைக்கிறது.

தேர்வில் ‘ஏடிபி நீராற்பகுப்பு அடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது’ என்று எழுதுங்கள். நீர் சேர்ந்து பிரிவதைத்தான் நீராற்பகுப்பு என்கிறோம். ‘பிணைப்பு உடைந்து’ என்ற இரண்டு சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.