தவணை கட்டியும் கடன் குறையவில்லையா?

12,00,000 கடனுக்கு மாதாமாதம் 26,693 கட்டியும் உங்கள் கணக்குப் புத்தகத்தில் கடன் அப்படியே நிற்கிறது, வங்கி ஸ்டேட்மென்ட்டில் குறைந்திருக்கிறது என்கிறீர்கள். முழுத் தவணையையும் செலவில் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் கோளாறு. வட்டி மட்டுமே செலவு. அசல், கடன் கணக்கில் டெபிட் ஆக வேண்டும், அதாவது கடன் பாக்கியைக் குறைக்க வேண்டும்.

ஆண்டுக்கு 12%, 60 மாதம் என்றால் முதல் தவணையில் வட்டி 12,000, அசல் 14,693. அடுத்த மாதம் வட்டி 11,853தான். மாதாமாதம் மாறுவதால் ஒரே தொகையை நகலெடுத்துப் போடாதீர்கள். வங்கியிடம் தவணை அட்டவணை வாங்கி அதைப் பார்த்தே பதியுங்கள்.

இந்த ஆண்டுப் பதிவுகளுக்கு ஒரே ஜர்னல் (திருத்தப் பதிவு) போதும்: இந்த ஆண்டில் இதுவரை கட்டிய மொத்த அசலைக் கடன் கணக்கில் டெபிட், செலவுக் கணக்கில் கிரெடிட். லாபம் கூடும், அதற்கு வரியும் கூடலாம்; பதறாதீர்கள். முடித்துவிட்ட ஆண்டின் தவறை மட்டும் இந்த ஆண்டு லாபத்தில் கலக்காதீர்கள். அதைத் தனியாகக் காட்ட வேண்டும், ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஆண்டு முடிவில் அடுத்த 12 மாதத்தில் கட்டவேண்டிய அசலை நடப்புப் பொறுப்பாக (ஓராண்டுக்குள் தீர்க்கவேண்டிய பாக்கியாக) பிரித்துக் காட்டுங்கள். முதல் 12 தவணை கட்டி முடித்திருந்தால் அது சுமார் 2,10,000 வரும். இதைப் பிரிக்காவிட்டால் கையில் இருக்கும் பணம் தாராளமாகத் தெரியும், தவணைத் தேதியில்தான் உண்மை உறைக்கும். கடைசித் தவணைக்கும் ஆண்டு முடிவுக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டியையும் செலுத்தவேண்டிய வட்டியாக எழுதுங்கள். பலரும் விடுவது இதைத்தான்.

வாடிக்கையாளர் முன்பணத்தை விற்பனையில் போட்டதாகவும் சொன்னீர்கள். சரக்கு போகும்வரை அது பொறுப்புதான்.