அழுத்தம் மாறாதபோதும் ஏன் சி.வி.?

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் இருக்கிறோம். மகள் டர்பனில் பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். 2 மோல் நைட்ரஜனை அழுத்தம் மாறாமல் 300 கெல்வினிலிருந்து 400 கெல்வினுக்குச் சூடாக்கினால் அக ஆற்றல் எவ்வளவு கூடும் என்று ஒரு கணக்கு. சி.பி. (அழுத்தம் மாறாதபோது ஒரு மோலை ஒரு கெல்வின் சூடாக்கத் தேவையான வெப்பம்) போட்டுச் செய்தாள், சி.வி. (பருமன், அதாவது கன அளவு, மாறாதபோது தேவையான வெப்பம்) போட வேண்டும், தவறு என்று அடித்துவிட்டார்கள். அழுத்தம் மாறவில்லை என்றால் சி.பி.தானே? அதோடு, இங்கே காற்றழுத்தம் குறைவாயிற்றே, இந்த ஊரில் செய்தால் விடை மாறுமா?

பதில்: அடித்தது சரிதான். உங்கள் மகள் போட்டது பிழையான கணக்கும் இல்லை, கேட்காத கேள்விக்குச் சரியான விடை. சி.பி. வைத்துப் பெருக்கினால் வருவது வாயுவுக்குக் கொடுத்த வெப்பம். கேட்டது அக ஆற்றல், அதாவது வாயுவுக்குள்ளேயே தங்கும் ஆற்றல்.

நைட்ரஜனுக்கு சி.பி. 29.1, சி.வி. 20.8 (ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு, ஜூலில்). கொடுத்த வெப்பம் 2 × 29.1 × 100 = 5,820 ஜூல். அக ஆற்றல் கூடுவது 2 × 20.8 × 100 = 4,160 ஜூல். மிச்சம் சுமார் 1,660 ஜூல் எங்கே போனது? வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளிய வேலைக்கு.

சரி, பருமன் மாறும்போது மாறாப் பருமனுக்கான சி.வி.க்கு இங்கே என்ன வேலை? நல்லியல்பு வாயுவின் (மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளும் வாயு) அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு என்3 சாலையில் வந்தாலும் நியூகாசில் வழியாகச் சுற்றி வந்தாலும் ஏறிய உயரம் ஒன்றுதான். பெட்ரோல் செலவுதான் வேறு. அக ஆற்றல் அந்த உயரம் மாதிரி. வெப்பமும் வேலையும் பெட்ரோல் மாதிரி. பருமனை மாறாமல் பிடித்து வைத்தால் வேலை பூஜ்யம், கொடுத்த வெப்பம் முழுவதும் அக ஆற்றலாகிறது. அதனால் அந்த வழியில் அளந்த எண் சுத்தமான அக ஆற்றல் கணக்கு. அதையே மற்ற எல்லா வழிகளுக்கும் எடுத்துக்கொள்ளலாம். 1845இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல், சுமார் 22 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த காற்றை வெற்றுக்கலத்துக்குள் திறந்துவிட்டுப் பார்த்தார். பருமன் கூடியது, சுற்றியிருந்த நீரின் வெப்பநிலையில் மாற்றம் தெரியவில்லை. உண்மையான வாயுவில் மிகச் சிறிய மாற்றம் உண்டு. அவருடைய கருவிக்கு அது எட்டவில்லை, முதலாண்டுக் கணக்குக்கும் அது வேண்டாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஏறக்குறைய 83 கிலோபாஸ்கல், டர்பனில் 101. அழுத்தம் குறைவு என்பதால் வேலையும் குறையும் என்றுதான் தோன்றும். குறையாது! அதே 2 மோல், அதே 100 கெல்வின் என்றால் டர்பனில் வாயு 16.4 லிட்டர் விரியும், இங்கே 20 லிட்டர். அழுத்தத்தால் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் சுமார் 1,660 ஜூல். ஆனால் கணக்கில் மோலுக்குப் பதில் 'இத்தனை லிட்டர் காற்று' என்று கொடுத்திருந்தால் கதை வேறு. அதே பாத்திரத்தில் இங்கே மோல்கள் குறைவு, எனவே விடையும் குறையும்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அக ஆற்றலைக் கணக்கிட, இயற்பியல் வகுப்பில் பெரும்பாலும் வெப்பத்திலிருந்து வாயு செய்த வேலையைக் கழிப்பார்கள்; வேதியியல் வகுப்பில் வெப்பத்தோடு வாயுவின் மேல் செய்த வேலையைக் கூட்டுவார்கள். விடை ஒன்றேதான், ஆனால் இரண்டையும் கலந்தால் குறி மாறி மதிப்பெண் போய்விடும்.

அப்புறம், லோட் ஷெடிங்குக்காக (மின்வெட்டுக்காக) வாங்கி வைத்த காஸ் சிலிண்டருக்கு இந்தச் சூத்திரத்தைப் போட வேண்டாம். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். அது ஆவியாகும்போது வெப்பநிலை மாறாவிட்டாலும் அக ஆற்றல் மாறும். அதற்கு அந்த எரிபொருளுக்குரிய அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.