நாட்டு ஓட்டு வீட்டின் கணக்கு

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டிக்கு அருகில் எங்கள் ஊரில் தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு இருக்கிறது. மண் சுவர், ஓட்டைத் தாங்கும் பனங்கை என்ற பனைமரச் சட்டங்கள், நடுவில் சின்ன முற்றம், தெருப் பக்கம் திண்ணை, அவ்வளவுதான். அதை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டத் தம்பி ஏற்பாடு செய்கிறான். பார்க்க வந்த பொறியாளர், "செட்டிநாட்டு வீடு என்றால் காப்பாற்றலாம், இதில் கட்டடக்கலை என்று என்ன இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. செதுக்கிய தூண் ஒன்றுகூட இல்லாத வீட்டுக்கு அப்படி ஒரு மதிப்பு உண்டா? படங்களும் அளவுகளும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களில் உங்கள் தம்பி வாசலில் குனிந்து நுழையும் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையின் இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் விளிம்பு, அவர் நெஞ்சளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. பொறியாளருக்கு அது குறையாகத் தெரிந்திருக்கும். உங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து காற்றோடு சாய்ந்து வரும். செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்க வசதியில்லாமல் மண்ணை மிதித்துப் படை படையாகச் சுவர் எழுப்பியவருக்கு அதில் சாரல் படாமல் காப்பதே முதல் கவலை. அதனால்தான் கூரையைத் தாழ்த்தினார். ஓட்டிலிருந்து கொட்டும் நீர் தரையில் விழுந்து தெறித்தால் சுவரின் அடி கரையும் என்பதால் இடையில் திண்ணையைப் போட்டார். வழிப்போக்கர் உட்காரவும் நெல் மூட்டையை இறக்கி வைக்கவும் பயன்படுகிற அதே திண்ணை, சுவருக்குக் காவலாகவும் நிற்கிறது. ஒரே உறுப்பு இத்தனை வேலைகளைச் செய்வதை நான் கட்டடக்கலை என்றே சொல்வேன்.

கூடத்தின் அகலம் 9 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவைச் சொன்னது பனைமரம். பனையின் நடுப்பகுதி சோறு போல மென்மையானது. முதிர்ந்த மரத்தின் வெளிப்பகுதி மட்டுமே வைரம் பாய்ந்து நிற்கும். அதைப் பிளந்து, சோற்றை நீக்கிச் செதுக்கி எடுக்கும் கை, நாட்டு ஓட்டின் பாரத்தைத் தொய்யாமல் எவ்வளவு தூரம் தாங்குமோ அதற்கேற்பத்தான் அறையின் அகலம் அமையும். குடும்பம் பெருகியபோது உங்கள் தாத்தா அறையை அகலப்படுத்தாமல் முற்றத்தைச் சுற்றி இன்னொரு தாழ்வாரத்தை இறக்கியது இதனால்தான். ஓடும் உள்ளூர்க் குயவர் சக்கரத்தில் குழலாக வனைந்து, சுடுவதற்கு முன்பே இரண்டாகப் பிளந்தது. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் கப்பலேறி வந்தன. அவற்றின் அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மாட்டு வண்டி போய்வரும் தூரத்துக்குள் கிடைத்ததை மட்டும் வைத்து ஒரு வீட்டை முடிப்பதற்கு வேறொரு தேர்ச்சி வேண்டும்.

இத்தகைய வீடுகளைப் பாதுகாக்க நம் சட்டங்களில் இடம் குறைவு. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் குறைந்தது 100 ஆண்டுப் பழமையைக் கேட்கிறது. மழைக்கு முன் ஓடு மாற்றி, உளுத்த கையை எடுத்துவிட்டு வேறு கை போட்டு, சாணம் மெழுகிக் காக்கப்படும் வீட்டுக்கு எந்த வயதைச் சொல்வது? பழுது பார்ப்பதே அதன் உயிர். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லாமல் போனால், சுவர் நன்றாக இருந்தும் வீடு விழுந்துவிடும். மாறாக, 1996இல் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வணிகர் வீட்டோடு உழவர், குயவர் வீடுகளும் இடம்பெற்றிருப்பதை மிக முக்கியமான செயலாகக் கருதுகிறேன்.

உங்கள் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த இரவை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஓடு பறந்து, நனைந்த சுவர் சரிவதைக் கண்டவர்கள் தலைக்கு மேல் கான்கிரீட் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். அந்தத் தளம் பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவில் படுக்கையின் மீது இறக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கொல்லையில் இடமிருந்தால் புதிய வீட்டை அங்கே கட்டிக்கொண்டு, திண்ணையையும் முன்கூடத்தையும் அப்படியே விடலாம்.

இடிப்பதுதான் முடிவென்றால், அதற்கு முன் ஒவ்வோர் அறையையும் அளந்து, சுவரின் கனம், திண்ணையின் உயரம், கூரையின் சரிவு உட்பட வரைந்து வையுங்கள். வழக்கமாக ஓடு மாற்ற வருபவரை அழைத்து, அவர் பெயர் சொல்லும் ஒவ்வோர் உறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடு பிரிக்கும் நாளன்று நீங்களும் ஊரில் இருங்கள். கூரையின் உச்சியிலுள்ள மோட்டுவளையில் பனங்கை வந்து சேரும் இடத்தில் இருப்பது இரும்பாணியா, மரமுளையா, கயிற்றுக் கட்டா என்று கீழே இறக்குவதற்கு முன் அருகில் போய்ப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.